படம் அழகு, அளவு எங்கே? ட்ரோன் சர்வே கேள்வி-பதில்

நிலம், குவாரி, தோப்பு என்று ட்ரோன் வைத்து அளப்பவர்கள் கேள்வி அனுப்பலாம் என்று போன இதழில் ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தோம். வந்தவற்றில் பாதிக்கு மேல் "எந்த ட்ரோன் வாங்கலாம்?" ரகம். அதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டேன். மீதிக் கடிதங்களைப் படித்தால், அதற்கான பதில் பாதி அங்கேயே கிடைத்துவிடும்.

கேள்வி: எங்கள் யார்டில் குவித்து வைத்திருக்கும் ஜல்லியை ட்ரோன் வைத்து அளந்தோம். 100 மீட்டர் உயரத்தில் பறந்தது, படம் கண்ணாடி மாதிரி இருக்கிறது. ஆனால் வந்த கன அளவை முதலாளி நம்ப மறுக்கிறார். எத்தனை மீட்டரில் பறந்திருக்க வேண்டும்?
– குவாரி மேலாளர், செங்கல்பட்டு மாவட்டம்

நம்ப மறுக்கிற முதலாளி கிடைத்தது நல்லதுதான், அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். உயரத்தை முதலில் வைத்துக்கொண்டு அப்புறம் துல்லியத்தைத் தேடுகிறோம், எல்லோரும் செய்வது இதைத்தான். எத்தனை சென்டிமீட்டர் பிழை வந்தால் உங்கள் கணக்கு தாங்கும் என்று முதலில் கேளுங்கள். உயரம் அதிலிருந்து தானாக வரும்.

ஒரு பிக்சல் தரையில் எவ்வளவு இடத்தைப் பிடிக்கிறது என்பதைத் தொழிலில் ஜிஎஸ்டி என்பார்கள். தமிழில் எழுதினால் வரி ஜிஎஸ்டியும் இதுவும் ஒன்றாகவே தெரியும் (இரண்டையும் குறைக்கத்தான் எல்லோருக்கும் ஆசை), அதனால் நான் 'பிக்சல் அளவு' என்றே சொல்கிறேன். பாண்டம் 4 ப்ரோ மாதிரி ஒரு இன்ச் சென்சார் கேமராவை எடுத்துக்கொள்ளுங்கள். சென்சார் அகலம் 13.2 மி.மீ., குவியத் தொலைவு 8.8 மி.மீ., படம் 5472 பிக்சல் அகலம். 13.2-ஐ 8.8-ஆல் வகுத்தால் 1.5, ஆக 100 மீட்டர் உயரத்தில் ஒரு படம் தரையில் 150 மீட்டர் அகலத்தைப் பிடிக்கும். அதை 5472 பிக்சலுக்குப் பங்கு போட்டால் ஒரு பிக்சலுக்கு 2.7 செ.மீ. அதே கேமரா 60 மீட்டரில் பறந்தால் 1.6 செ.மீ.

எல்லாம் ஒழுங்காக நடந்த வேலையில் பக்கவாட்டுப் பிழை ஒன்றிரண்டு பிக்சலுக்குள் நிற்கும், உயரப் பிழை இரண்டு மூன்று பிக்சல் வரை போகும். உங்கள் 100 மீட்டரில் அது 5 முதல் 8 செ.மீ. "5 சென்டிமீட்டர்தானே" என்று தோன்றும். ஒரு ஹெக்டேர் யார்டில் உயரம் முழுக்க 5 செ.மீ. தவறினால் 500 கன மீட்டர், நம் கணக்கில் 177 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). 3 யூனிட் லாரி என்றால் 59 லோடு! முதலாளி ஏன் முறைக்கிறார் என்று இப்போது புரிகிறதா?

60 மீட்டருக்கு இறங்குங்கள். ஆனால் எனக்கு உயரத்தைவிட வேறு ஒன்றில்தான் சந்தேகம். குவியலுக்கு அடியில் தரை எப்படி இருந்தது என்று சாஃப்ட்வேருக்குத் தெரியாது. குவியலைச் சுற்றி நீங்கள் வரைந்த கோட்டை வைத்து, அடியில் தட்டையாக ஒரு தரை இருப்பதாக நினைத்துக்கொள்ளும். நிஜத்தில் அங்கே பள்ளமோ பழைய கிரஷர் தூள் மேடோ இருந்தால் கணக்கு அங்கேயே போச்சு. யார்டு காலியாக இருக்கும் ஒரு நாளில் ஒருமுறை பறந்து வைத்துக்கொண்டால், அப்புறம் ஒவ்வொரு மாதமும் அதோடு ஒப்பிடலாம். எடை மேடைக் கணக்கோடு ஒப்பிடுவதாக இருந்தால், ஒரு கன மீட்டர் ஜல்லி எத்தனை கிலோ என்பதை உங்கள் யார்டிலேயே அளந்து பாருங்கள். அளவுக்கு அளவு, ஈரத்துக்கு ஈரம் அது மாறும்.

கேள்வி: சுண்ணாம்புக்கல் சுரங்கம், குழி 50 மீட்டர் ஆழம். விளிம்பில் நின்று கிளப்பி 60 மீட்டர் என்று செட் செய்கிறோம். குழிக்குள்ளும் 60 மீட்டரிலேயே பறக்குமா?
– சுரங்க சர்வே உதவியாளர், அரியலூர்

பறக்காது. நீங்கள் கொடுத்த 60, கிளம்பிய இடத்திலிருந்து 60. குழியின் அடியில் அது 110 மீட்டர், பிக்சல் 3 செ.மீ. ஆகிவிடும். ஒரே வரைபடத்தில் விளிம்பில் ஒரு துல்லியம், அடியில் ஒரு துல்லியம். அதைவிட ஆபத்து இதற்கு நேர்மாறானது: குழிக்குள்ளே ஜீப்பை நிறுத்தி அங்கிருந்து கிளப்பி, 40 மீட்டர் என்று அடித்துவிட்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தால், 50 மீட்டர் உயர விளிம்பு ட்ரோனுக்காக விலகி நிற்காது.

'டெரெய்ன் ஃபாலோ' இருக்கிறதே என்பீர்கள். தரை ஏறினால் ஏறி, இறங்கினால் இறங்கிப் பறக்கும், நல்ல வசதிதான். ஆனால் அது எந்தத் தரையைப் பார்த்து ஏறி இறங்குகிறது? நிறைய ஆப்களில் உள்ளே இருப்பது எஸ்ஆர்டிஎம் உயரத் தரவு. 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து ராடார் வைத்து எடுத்தது, 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. அதற்கு அப்புறம் வெட்டிய குழி எதுவும் அதில் கிடையாது. உங்கள் சுரங்கம் அதன் கண்ணுக்கு இன்னும் முந்திரிக் காடாகவே இருக்கலாம். அதனால் வேலையை இரண்டாகப் பிரியுங்கள். முதலில் உயரத்தில் ஒரு வேகமான பறப்பு, அந்தப் படங்களில் ஒரு உயர மாடல் (டிஎஸ்எம் என்பார்கள்), அதை ஆப்பில் ஏற்றி இரண்டாவது பறப்பை அதைப் பின்பற்றச் சொல்லுங்கள். அரை நாள் கூடுதல் வேலை, ஆனால் ஒருமுறை செய்தால் அடுத்தடுத்த மாதங்களுக்கும் ஓரளவு உதவும்.

பெஞ்சின் (சுரங்கத்தில் படிக்கட்டு மாதிரி வெட்டிய தட்டின்) செங்குத்துச் சுவர் நேர்கீழே பார்க்கும் கேமராவுக்குத் தெரியாது. கேமராவைக் கொஞ்சம் சாய்த்து, கிடைமட்டத்திலிருந்து 60–70 டிகிரி வைத்து, குறுக்காக ஒரு முறை பறந்தால் சுவர் கிடைக்கும். 50 ஹெக்டேருக்கு மேல் குத்தகை, அல்லது வருடத்துக்கு 10 லட்சம் டன்னுக்கு மேல் தோண்டும் திட்டம் உள்ள பெருங்கனிமச் சுரங்கங்கள் ஆண்டுதோறும் ட்ரோன் படம் கொடுக்க வேண்டும் என்று 2021-இல் விதி வந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். குத்தகை எல்லைக்கு வெளியே 100 மீட்டர் வரை அதில் வர வேண்டும். மிஷன் (பறப்புத் திட்டம்) வரையும்போதே அந்த 100 மீட்டரைச் சேர்த்து வரையுங்கள், விட்டுவிட்டு மறுபடி போய்ப் பறந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: தென்னந்தோப்பு 40 ஏக்கர். 60 மீட்டர் உயரம், ஓவர்லேப் 80/70 வைத்துத்தான் எடுத்தேன். மரத்தின் தலையெல்லாம் பிய்ந்து, சில இடத்தில் ஓட்டை. கேமரா கோளாறா?
– பொள்ளாச்சி வாசகர்

கேமரா பாவம், அதை விடுங்கள். நீங்கள் கொடுத்த 80/70 (ஒரு படம் அடுத்த படத்தின் மேல் விழும் அளவு, முன்னே 80, பக்கத்தில் 70 சதவீதம்) தரைக்குத்தான் பொருந்தும், மரத்தின் தலைக்குப் பொருந்தாது.

60 மீட்டரில் படம் தரையில் 90-க்கு 60 மீட்டர். பக்க ஓவர்லேப் 70 சதவீதம் என்றால் இரண்டு பறப்புக் கோடுகளுக்கு நடுவே 27 மீட்டர். இப்போது 20 மீட்டர் தென்னையின் உச்சியில் போய் நின்று பாருங்கள். அங்கிருந்து ட்ரோன் 40 மீட்டரில்தான் இருக்கிறது, படத்தின் அகலம் அந்த மட்டத்தில் 60 மீட்டராகச் சுருங்கிவிட்டது, கோடுகளின் இடைவெளி மட்டும் அதே 27. ஓவர்லேப் 55 சதவீதம்! ஓலை வேறு காற்றில் ஆடும். ஒரு படத்தில் இருந்த ஓலை அடுத்த படத்தில் வேறு இடத்தில். சாஃப்ட்வேர் எதை எதோடு பொருத்தும்?

90 மீட்டருக்கு ஏறுங்கள், பக்க ஓவர்லேப்பை 80 ஆக்குங்கள். இதில் ஒரு வேடிக்கை. 90 மீட்டரில் படம் 135 மீட்டர் அகலம், 80 சதவீதத்துக்கு இடைவெளி அதே 27 மீட்டர். கோடுகளின் எண்ணிக்கை மாறவில்லை, பேட்டரிச் செலவு கிட்டத்தட்ட அதேதான், ஆனால் மரத்தலையில் ஓவர்லேப் 74-க்கு ஏறிவிடும். பிக்சல் 2.5 செ.மீ. ஆகும். மரம் எண்ண, எது வாடியிருக்கிறது என்று பார்க்க அது தாராளம்.

ஆனால் தோப்புக்கு உள்ளே தரையின் ஏற்ற இறக்கம் வேண்டும், சொட்டு நீர்க் குழாய் போட காண்டூர் (சம உயரக் கோடு) வேண்டும் என்று இதைச் செய்கிறீர்கள் என்றால், நிறுத்துங்கள். கேமராவுக்குத் தெரியாத தரையை எந்த சாஃப்ட்வேரும் காட்ட முடியாது, மரங்களுக்கு நடுவே தெரியும் துண்டுகளை இணைத்து ஒரு கோலம் போட்டுக் காட்டும், அவ்வளவுதான். லேசர் வைத்து அளக்கும் லைடார் ட்ரோன் வைத்திருப்பவரைக் கூப்பிடுங்கள், இல்லையென்றால் பழையபடி டிஜிபிஎஸ் (துல்லியமான ஜிபிஎஸ் கருவி) தூக்கிக்கொண்டு நடங்கள். 40 ஏக்கருக்கு நடந்தே எடுத்துவிடலாம்.

கேள்வி: என் படங்கள் லேசாக இழுத்த மாதிரி மங்கலாக இருக்கின்றன. ஃபோகஸ் பிரச்சினையா?
– திருவாரூர் வாசகர்

ஷட்டர் வேகத்தைப் பார்த்தீர்களா? விநாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் போகும் ட்ரோன், ஷட்டர் 1/200 என்றால் படம் பதியும் நேரத்துக்குள் 4 செ.மீ. நகர்ந்துவிடும். உங்கள் பிக்சலே 1.6 என்றால் இரண்டரை பிக்சல் இழுவை. 1/1000 வைத்தால் அரை பிக்சல், கண்ணுக்குத் தெரியாது. வெளிச்சம் பத்தவில்லை என்றால் வேகத்தைக் குறையுங்கள். ஃபோகஸை ஒருமுறை தூரத்தில் வைத்துப் பூட்டிவிடுங்கள், ஒவ்வொரு படத்துக்கும் அது தேடிக்கொண்டிருக்கக் கூடாது. மெக்கானிக்கல் ஷட்டர் இல்லாத கேமரா என்றால் இன்னும் மெதுவாகப் போக வேண்டும். அது படத்தை வரி வரியாகப் பதிவதால், முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் நடுவே ட்ரோன் நகர்ந்திருக்கும்.

கேள்வி: ஆர்டிகே ட்ரோன் வாங்கினால் தரையில் ஜிசிபி (இடத்தை அளந்து வைக்கும் அடையாளப் புள்ளி) எதுவும் வைக்க வேண்டாம், அப்படியே சென்டிமீட்டர் துல்லியம் என்கிறார் விற்க வந்தவர். எங்கள் சைட் 15 ஹெக்டேர். உண்மையா சார்?
– சிவில் இன்ஜினீயர், திருச்சி

பாதி உண்மை. முழுப் பொய்யைக்கூட சமாளித்துவிடலாம், பாதி உண்மைதான் ஆளை விழுங்கும்.

ஆர்டிகே (பறக்கும்போதே திருத்தம் வாங்கிக்கொள்ளும் ஜிபிஎஸ்) இருந்தால் ஒவ்வொரு படத்தையும் எடுத்தபோது கேமரா எங்கே இருந்தது என்பது சில சென்டிமீட்டருக்குள் தெரியும். அது பெரிய உதவி, 30 ஜிசிபி வைத்த இடத்தில் இப்போது நாலைந்து போதும். ஆனால் கேமராவின் இடம் தெரிந்தால் தரையின் உயரம் தெரிந்ததாகிவிடாது, நடுவே லென்ஸ் இருக்கிறது. எல்லாப் படமும் ஒரே உயரத்திலிருந்து நேர்கீழே பார்த்து எடுத்தவை என்றால், குவியத் தொலைவில் சின்னப் பிழை வந்தாலும் அது தரையின் உயரத்தில் ஒளிந்துகொள்ளும். லென்ஸின் வளைவைக் கணக்கிடுவதில் பிழை வந்தால், தட்டையான மைதானம் நடுவில் கிண்ணம் மாதிரி குழிந்தோ கவிழ்த்த மாதிரி மேடாகவோ வரும். குறுக்கும் நெடுக்குமாகப் பறப்பது, கொஞ்சம் சாய்த்து எடுத்த படங்களைச் சேர்ப்பது, நடுவே ஒரு ஜிசிபியாவது வைப்பது, இந்த மூன்றும் அதற்கு மருந்து.

இன்னொரு பிழை என் சொந்த அனுபவம், வெட்கத்தோடு சொல்கிறேன். ஒரு லேஅவுட் வேலை, பேஸை (ட்ரோனுக்குத் திருத்தம் அனுப்பும் தரை ஜிபிஎஸ்) நானேதான் நட்டேன். ஆன்டெனா உயரம் 1.8 மீட்டர், கன்ட்ரோலரில் 2.0 என்று அடித்துவிட்டேன், முந்தைய நாள் வேலையில் இருந்த எண் கையோடு வந்துவிட்டது. வரைபடம் அருமையாக வந்தது. ரிப்போர்ட்டில் எல்லாம் பச்சை. உள்ளுக்குள் எல்லாமே ஒன்றோடொன்று ஒத்துப்போகும், ஏனென்றால் மொத்த நிலமும் சேர்ந்து 20 செ.மீ. மேலே மிதந்துகொண்டிருந்தது. மழைநீர் வடிகால் போட வந்த மேஸ்திரி ஆட்டோ லெவல் வைத்துப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார். அன்றைக்கு ஒரே ஒரு செக் பாயிண்ட் வைத்திருந்தால் மானம் மிஞ்சியிருக்கும்.

அதனால் ஜிசிபியைவிட நான் செக் பாயிண்டைத்தான் கெஞ்சிக் கேட்பேன். இரண்டுக்கும் வித்தியாசம் இதுதான். ஜிசிபியை சாஃப்ட்வேரிடம் கொடுத்து அதற்கு ஏற்றபடி வரைபடத்தை இழுத்துக்கொள்ளச் சொல்கிறோம். செக் பாயிண்டைக் கொடுக்காமல் கையில் வைத்துக்கொண்டு, வரைபடம் வந்த பிறகு ஒப்பிடுகிறோம். அளந்த புள்ளிகள் எல்லாவற்றையும் ஜிசிபியாகக் கொடுத்துவிட்டு "பிழை 1 சென்டிமீட்டர்" என்று ரிப்போர்ட் காட்டுகிறவர்கள் நிறைய. விடைத்தாளைக் கையில் கொடுத்துவிட்டுப் பரீட்சை வைத்தால் நூற்றுக்கு நூறுதான் வரும்.

இது ஒன்றும் ட்ரோன் காலத்துப் புத்தி இல்லை. 1802-இல் வில்லியம் லாம்டன் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி பரங்கிமலைப் பக்கம் சங்கிலி போட்டு அடிக்கோடு அளந்து இந்தியாவின் பெரிய முக்கோண அளவையைத் தொடங்கினார். அங்கிருந்து முக்கோணம் முக்கோணமாக மேற்கே போனவர், கணக்கை நம்பிச் சும்மா இருக்கவில்லை. 1804-இல் பெங்களூரு அருகே இன்னொரு கோட்டைத் தரையிலேயே அளந்து, முக்கோணங்கள் சொன்ன நீளத்தோடு சரிபார்த்தார். அதே லாம்டனின் அரை டன் தியோடலைட் (கோணம் அளக்கும் கருவி) 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து சுவரில் மோதி நொறுங்கிய கதையும் உண்டு. உயரத்திலிருந்து அளக்க ஆசைப்பட்டால் விபத்தும் கூடவே வரும் போல.

உங்கள் அளவு வேலைக்கு (நீங்கள் சொன்ன 15 ஹெக்டேர்) மூலைக்கு ஒன்று, நடுவில் ஒன்று என ஐந்து ஜிசிபி, அதற்கு மேல் மூன்று நான்கு செக் பாயிண்ட். மூலை என்றால் விளிம்போடு ஒட்டி வைக்காதீர்கள், ஓரத்தில் படங்கள் குறைவாகத்தான் விழும், கொஞ்சம் உள்ளே தள்ளி வையுங்கள். இருப்பதிலேயே மேடான இடத்தில் ஒன்று, பள்ளமான இடத்தில் ஒன்று கண்டிப்பாக வேண்டும். அடையாளம் குறைந்தது பத்து பிக்சல் அகலம், நான் 60 செ.மீ. கறுப்பு வெள்ளைக் கட்டம் பயன்படுத்துகிறேன். பிளெக்ஸில் அடித்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால் திரும்பி வரும்போது அது யாருடைய மாட்டுக் கொட்டகைக் கூரைக்காவது போயிருக்கும், அதனால் பாறை என்றால் பெயின்ட், மண் என்றால் ஆணி அடித்து அதைச் சுற்றி சுண்ணாம்புப் பொடி. கோலப்பொடியும் ஆகும், மழை வராத வரை.

கேள்வி: இரண்டு கல்லுக்கு நடுவே டோட்டல் ஸ்டேஷனில் (தரையில் நிறுத்தி அளக்கும் கருவி) சரியாக 1000 மீட்டர். ட்ரோன் வரைபடத்தில் அதே தூரம் 80 செ.மீ.க்கு மேல் கூடுதலாக வருகிறது. ஜிசிபி, செக் பாயிண்ட் எல்லாம் சரியாக இருக்கின்றன. தலை சுற்றுகிறது.
– தனியார் சர்வேயர், கரூர்

இந்தக் கடிதத்தைப் படித்ததும் சந்தோஷமாகிவிட்டது, ஏனென்றால் இரண்டுமே சரி. உங்கள் ட்ரோனும் சரி, டோட்டல் ஸ்டேஷனும் சரி. நீங்கள் கரூரில் இருப்பதுதான் பிரச்சினை.

வரைபடம் யுடிஎம் என்ற உலக வரைபட முறையின் ஆயத்தொலைவில் இருக்கிறது. உருண்டையான பூமியைத் தட்டையாக்கினால் எங்காவது இழுக்கத்தான் வேண்டும். யுடிஎம்மில் 6 டிகிரி அகல மண்டலம், நடுக்கோட்டில் தூரம் கிலோமீட்டருக்கு 40 செ.மீ. சுருங்கியிருக்கும், ஓரத்துக்குப் போகப் போக நீளும். தமிழ்நாட்டின் நடுவே போகும் 78-ஆவது தீர்க்கக் கோடுதான் 43, 44 ஆகிய இரண்டு மண்டலங்களுக்கும் எல்லை. கோவை, திருப்பூர், ஈரோடு 43-இல், மதுரை, சேலம், திருச்சி, சென்னை 44-இல். கரூர் நகரம் 44, பக்கத்து அரவக்குறிச்சி 43. எல்லை ஓரத்தில் இருப்பதால் நம் மாநிலத்தின் நடுப்பகுதி முழுக்க இந்த நீட்சி அதிகம், உங்கள் ஊரில் கிலோமீட்டருக்கு 80–90 செ.மீ. சென்னையில் தலைகீழ், 30 செ.மீ. பக்கம் குறையும்.

பரப்பில் இது இரட்டிப்பாகும். 40 ஏக்கர் நிலத்துக்கு உங்கள் ஊரில் ஏறக்குறைய 7 சென்ட் கூடுதலாகக் காட்டும். சென்ட் விலைக்கு விற்கும் இடத்தில் இது விளையாட்டு இல்லை! க்யூஜிஐஎஸ் என்ற வரைபட சாஃப்ட்வேரில் அளக்கும் கருவியில் 'எலிப்சாய்டல்' என்ற தேர்வை வைத்து அளந்தால் தரைத் தூரத்துக்கு மிக அருகில் வரும். கட்டுமான வேலைக்கு வரைபடம் கொடுக்கிறீர்கள் என்றால் சைட்டுக்கென்று தனி கிரிட் வைத்து, ஸ்கேல் ஃபேக்டர் (நீண்டதைச் சரிசெய்யும் விகிதம்) போட்டுக் கொடுங்கள், அதை வரைபடத்தின் ஓரத்திலும் எழுதுங்கள். எழுதாமல் கொடுத்தால் அடுத்து வரும் சர்வேயர் உங்களைத் திட்டுவார்.

கேள்வி: உப்பளத்தில் எடுத்த வரைபடம் கடல் மட்டத்துக்கு 90 மீட்டருக்கும் கீழே இருப்பதாகக் காட்டுகிறது. மைனஸ் குறியோடு! சிரிப்பதா அழுவதா?
– தூத்துக்குடி வாசகர்

சிரியுங்கள். ஜிபிஎஸ் சொல்வது கடல் மட்டத்திலிருந்து உயரம் அல்ல, கணக்குக்காக வைத்த ஒரு வழவழப்பான முட்டை வடிவத்திலிருந்து உயரம். நிஜக் கடல் மட்டம் பூமியின் ஈர்ப்புக்கு ஏற்ப மேடு பள்ளமாக இருக்கும், அதில் உலகத்திலேயே ஆழமான பள்ளம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில், 106 மீட்டர். நாம் அதன் சரிவில் உட்கார்ந்திருக்கிறோம். சென்னைக் கடற்கரையிலேயே மைனஸ் 80-க்கு மேல் காட்டும், தெற்கே போகப் போகக் கூடும். இஜிஎம் 2008 மாதிரி ஜியாய்டு மாடலை (இந்த மேடு பள்ளக் கடல் மட்டத்தின் கணக்கு) சாஃப்ட்வேரில் தேர்ந்தெடுத்தால் எண்கள் ஒழுங்காகிவிடும். வாய்க்கால், மதகு மட்டத்துக்கு அதுவும் போதாது, பக்கத்து பெஞ்ச்மார்க்கிலிருந்து (உயரம் குறித்து வைத்த கல்) லெவல் கொண்டு வந்து கட்டுங்கள்.

உப்பளம் என்பதால் ஒரு வார்த்தை. வெள்ளை உப்பிலும் பளபளக்கும் தண்ணீரிலும் பொருத்துவதற்கு அடையாளமே கிடைக்காது. ஜிசிபியை வரப்பில் வையுங்கள், உயரத்தைக் கூட்டி ஒவ்வொரு படத்திலும் இரண்டு வரப்பாவது விழும்படி செய்யுங்கள். உச்சி வெயிலில் சூரியன் தண்ணீரில் அப்படியே தெரியும், அந்த நேரத்தைத் தவிருங்கள்.

கேள்வி: எந்த நேரத்தில் பறப்பது நல்லது? பருந்து தாக்குமா?
– தென்காசி வாசகர்

நிழல் குறைவாக வேண்டும் என்றால் காலை பத்திலிருந்து மதியம் இரண்டு. மேகமூட்டமான, ஆனால் வெளிச்சமான நாள் கிடைத்தால் விடாதீர்கள். உங்கள் ஊரில் நேரத்தைவிட மாதம் முக்கியம், ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது ட்ரோனைக் கேட்கவே வேண்டாம். பறப்புக் கோடுகளைக் காற்றின் திசைக்குக் குறுக்காகப் போடுங்கள், இல்லையென்றால் போகும்போது ஒரு வேகம், திரும்பும்போது திணறல். கோடை வெயிலில் பேட்டரியைக் காருக்குள் வைத்துவிட்டுப் போகாதீர்கள். பருந்து தாக்கும். கூடு இருக்கும் பனை, செல்போன் டவர் பக்கம் குஞ்சு பொரிக்கும் காலத்தில் போகாமல் இருப்பதே மரியாதை. வந்துவிட்டால் சட்டென்று மேலே ஏற்றுங்கள், பெரும்பாலும் அது கீழ்நோக்கிப் பாய்ந்துதான் அடிக்கும்.

கேள்வி: மதுரை விமான நிலையத்திலிருந்து 10 கி.மீ. தூரத்தில் வேலை. அனுமதி வேண்டுமா?
– மதுரை வாசகர்

ட்ரோன் விதிகள் 2021-இன்படி பச்சை மண்டலத்தில் 120 மீட்டர், அதாவது 400 அடி வரை தனி அனுமதி இல்லாமல் பறக்கலாம். விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கி.மீ. வளையத்தில் அது 60 மீட்டர்தான், நீங்கள் அந்த வளையத்தில் இருக்கிறீர்கள். அதற்கு மேல் போனால் மஞ்சள் மண்டலம், வான்வழிக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அனுமதி வேண்டும். மிஷன் போடும் முன் அரசின் வான்வெளி வரைபடத்தில் அன்றைய நிலையைப் பாருங்கள், மண்டலம் மாறும். காசு வாங்கிக்கொண்டு செய்யும் வேலை என்பதால் 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனுக்குப் பைலட் சான்றிதழும் பதிவு எண்ணும் கையில் இருக்க வேண்டும். உள்ளூர் போலீஸ் ஸ்டேஷனில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவது விதியில் தேடினாலும் கிடைக்காது, ஆனால் பாதி வேலையில் இறக்கச் சொல்லிக் கூட்டம் கூடுவதை அது தடுக்கும்.

கேள்வி: அண்ணனுக்கும் எனக்கும் வரப்புத் தகராறு. ட்ரோன் வைத்து அளந்து அண்ணனுக்குக் காட்டினால் ஒத்துக்கொள்வாரா?
– தஞ்சாவூர் மாவட்ட வாசகர்

வரப்பு எங்கே இருக்கிறது என்று ட்ரோன் காட்டும். எங்கே இருக்க வேண்டும் என்பது எஃப்எம்பியிலும் (அரசின் புலப்படம்) மண்ணுக்குள் புதைந்த அளவுக்கல்லிலும் இருக்கிறது, அதை அரசு சர்வேயர்தான் வந்து அளந்து சொல்ல வேண்டும். நில அளவைக்கு மனு போடுங்கள். அண்ணனையும் அன்றைக்குக் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சரி, எந்த ட்ரோன் வாங்கலாம்?
– பதினெட்டுப் பேர்

2022 பிப்ரவரியிலிருந்து வெளிநாட்டு ட்ரோனை முழுசாக இறக்குமதி செய்யத் தடை இருக்கிறது, அதனால் "துபாயிலிருந்து வந்தது அண்ணே" ரக பேரத்தில் காசு கொடுக்கும் முன் வகைச் சான்றிதழையும் பதிவு எண்ணையும் கேளுங்கள். அவை இல்லாத ட்ரோனில் எடுத்த வரைபடத்தை அரசு வேலையில் எங்கும் நீட்ட முடியாது. மெக்கானிக்கல் ஷட்டர், ஆர்டிகே அல்லது பிபிகே (அதே திருத்தத்தைப் பறந்து முடித்த பிறகு செய்வது), இந்த இரண்டும் இருக்க வேண்டும். எத்தனை கே வீடியோ எடுக்கும் என்பது கல்யாண வீட்டுக்காரர் கவலை.

வாங்கும் முன் ஒன்று செய்து பாருங்கள், காசு செலவில்லை. உங்கள் அடுத்த வேலையை எடுத்துக்கொண்டு கையால் திட்டம் போடுங்கள். 40 ஏக்கர் என்றால் 16.2 ஹெக்டேர். 60 மீட்டர் உயரம், 80/70 என்றால் கோடு இடைவெளி 27 மீட்டர், மொத்தக் கோடு 6 கி.மீ. விநாடிக்கு 6 மீட்டர் என்றால் 17 நிமிடம், திரும்பும் நேரத்தையும் காற்றையும் சேர்த்தால் 25. 12 மீட்டருக்கு ஒரு படம், அதாவது இரண்டு விநாடிக்கு ஒன்று, கேமரா அந்த வேகத்துக்கு எழுதுமா? 500 படம், ஓரம் சேர்த்து 600. அதைச் சேர்த்துத் தைக்க உங்கள் கம்ப்யூட்டரில் ராம் எவ்வளவு? ஓபன் ட்ரோன்மேப் என்ற படம் தைக்கும் சாஃப்ட்வேர் இலவசம், அதில் யாராவது எடுத்த மாதிரிப் படங்களைப் போட்டு ஓட்டிப் பாருங்கள். நிறையப் பேர் ட்ரோனுக்குக் கடன் வாங்கிவிட்டு 8 ஜிபி லேப்டாப்பில் படங்களை ஏற்றிக்கொண்டு மூன்று நாள் காத்திருக்கிறார்கள்.